நல்ல திருப்புளி எது?

ஆங்கிலத்தில் ஸ்குரூ டிரைவர் என வழங்கும் கருவிக்குத் தமிழில் திருப்புளி என்று பெயர். திருப்பு, உளி என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. திருப்புகின்ற உளி என்பது பொருள். கன்னடத்திலும் இதற்குத் திருபுளி என்றே பெயர். இரு மொழியும் புழங்கும் கொள்ளேகால் போன்ற ஊரில் இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. கடையில் மட்டும் இரு மொழியாரும் ‘ஸ்குரூ டிரைவர்’ என்று கேட்கிறார்கள் என்பது வேறு செய்தி!

இப்பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. உளிக்கு உயிர் அதன் வாயில் உள்ளது. தச்சர் உளி வாங்கும்போது பிடியைப் பார்த்து மயங்குவதில்லை, வாயைத்தான் பார்க்கிறார். திருப்புளியும் அத்தகையதே. அரை அங்குலத்திற்கும் குறைவான அதன் நுனிதான் வேலை செய்வது. மற்றவையெல்லாம் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடுகள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் பிடியின் நிறத்தையும், பெட்டிக்குள் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்பதையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். நுனியைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது ஒரு பெரிய செய்தியா என்று சிலர் எண்ணலாம். கொள்ளேகாலிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தில் சேர்ந்து, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. பட்டு நூலுக்குச் சொரசொரப்பு ஆகாது. தறியில் நூல் உராயக்கூடிய ஓரிடத்தில் உள்ள திருகாணியைக் கழற்றும்போது திருப்புளி நழுவி, ஆணித் தலையில் ஒரு பிசிறு எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மயிரிழையளவே உள்ள அந்த உலோகப் பிசிறு இழையைப் பற்றும், இழுக்கும், அறுக்கும். அறுந்த இழையைத் தேடி முடிந்து மறுபடியும் தறியை ஓட்டும் வரை வேலை நிற்கிறது. நெய்த அளவுக்குக் கூலி பெறுபவருக்கு அந்த நேரம் முழுவதும் இழப்பு. மலிந்த திருப்புளி வாங்கி மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடுகிறது.

தறி இல்லாத வீட்டிலும் தையல் பொறி உண்டு, மின்விசிறி உண்டு, கதவில் கீல் உண்டு. தலை தேய்ந்த திருகாணியை வெளியே எடுக்க நேர்ந்தவர்களுக்கு அதன் துன்பம் தெரியும்.

முதலில் திருகாணியின் தலையைப் பார்க்க வேண்டும். ஏனெனில் திருப்புளி என்பது தனியே நல்லது, கெட்டது என்று சொல்லத்தக்க பொருள் அன்று. எந்தத் தலைக்கு எந்த நுனி என்பதே கேள்வி.

தலைகளுள் பழையது ஒற்றை வெட்டுத் தலை. கடைக்காரர்கள் இதை ‘மைனஸ்’ என்றும் ‘பிளாட்’ என்றும் சொல்வார்கள். செய்வதற்கு எளிது, துடைப்பதற்கும் எளிது. வண்ணம் அடைத்துக்கொண்டாலும் ஓர் ஊசியால் சுரண்டி எடுத்துவிடலாம். குறை யாதெனில், திருப்புளியின் நுனி வெட்டிலிருந்து பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும்; போகிற வழியில் மரத்தையோ கையையோ கீறிவிடும்.

இக்குறையைப் போக்கப் பலர் முயன்றனர். கனடா நாட்டைச் சேர்ந்த பி. எல். ராபர்ட்சன் என்பவர் 1908ஆம் ஆண்டளவில் சதுரக் குழியுள்ள தலையைக் கொண்டுவந்தார். அது மிக நல்ல அமைப்பு. நுனியில் மாட்டிய ஆணி கீழே விழாது. இன்றும் கனடாவில் அதுவே மிகுதியாக வழங்குகிறது. நம் கடைகளில் அரிது. உலகெங்கும் பரவியது அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1930களில் பரப்பிய சிலுவை வெட்டுத் தலை. ஜான் தாம்சன் என்பவரிடமிருந்து கருத்தை வாங்கி, அதைத் திருத்தி, 1936இல் அவர் காப்புரிமை பெற்றார். கார்த் தொழிற்சாலையில் பொறியின் உதவியால் ஆணிகளை விரைந்து முடுக்க வேண்டியிருந்தது. ஒற்றை வெட்டில் நுனியை நடுவில் நிறுத்துவது கடினம். சிலுவை வெட்டில் நுனி தானே போய் நடுவில் அமரும். அதுவே அதன் வெற்றிக்குக் காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கடிலாக் கார்களில் அது முதலில் இடம்பெற்றது.

இந்தத் தலையைத்தான் நம் கடைகளில் ‘ஸ்டார்’ என்கிறார்கள். இதனால் ஒரு குழப்பம் உண்டு. உண்மையில் ஆறு முனையுள்ள விண்மீன் வடிவத் தலை ஒன்று தனியே இருக்கிறது. 1967இல் வந்த அதற்கு டார்க்ஸ் என்று பெயர். இக்காலத்துக் கார்களிலும், கணிப்பொறி உறுப்புகளிலும் அதைக் காணலாம். ‘ஸ்டார் கொடுங்கள்’ என்றால் சிலுவை நுனிதான் கிடைக்கும். டார்க்ஸ் வேண்டுமானால் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

சிலுவைத் தலையிலும் ஒரே வகைதான் உண்டு என்று எண்ணுவது தவறு. பெரும்பாலான ஆணிகள் பாழாவது இந்த எண்ணத்தால்தான்; ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பிலிப்ஸ் வகையின் வெட்டு உள்ளே போகப் போகக் குறுகும். சுவர்கள் சாய்வாக இருப்பதால், நாம் வலிந்து திருப்பும்போது நுனி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. கீழ்நோக்கிப் போதிய அளவு அழுத்தாவிட்டால் நுனி வெளியேறி, வெட்டின் ஓரங்களை வழித்துக்கொண்டு சுற்றும். 1960களில் இதைத் திருத்திப் போசிடிரைவ் என்னும் வகை வந்தது. அதன் வெட்டின் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். ஆகையால் வெளியேறும் போக்கு குறைவு. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஆணித் தலையில் சிலுவையின் நான்கு கைகளுக்கும் இடையே நான்கு மெல்லிய கீற்றுகள் இருந்தால் அது போசிடிரைவ், இல்லாவிட்டால் பிலிப்ஸ். பகுதி பகுதியாக வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான்களில் போசிடிரைவ் ஆணிகள் பல வருகின்றன. பிலிப்ஸ் நுனியைப் போசிடிரைவ் தலையில் வைத்தால் அது ஆடும். போசிடிரைவ் நுனியைப் பிலிப்ஸ் தலையில் வைத்தால் அடிவரை இறங்காது. இரண்டிலும் கெடுவது ஆணியே.

மூன்றாவதாக ஜப்பானிய வகை ஒன்றும் உண்டு. பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் திருகாணித் தலையில் ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கும், அதுவே அடையாளம். பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே தோன்றினாலும் அளவில் சிறு வேறுபாடு உண்டு. பிலிப்ஸ் நுனி அதில் முழுதும் இறங்காது. பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில், தேய்ந்த தலைகளோடு கூடிய பொறி மூடிகளைப் பார்த்திருப்பீர்கள். குற்றம் பெரும்பாலும் வண்டியினுடையது அன்று, கையிலிருந்த திருப்புளியினுடையது.

இனி அளவு. பிலிப்ஸ் வகைக்கு எண்களால் அளவு குறிப்பார்கள்: பி.எச். 0, 1, 2, 3, 4. போசிடிரைவுக்கு பி.இசட். என்று இருக்கும். வீட்டில் காணும் சிலுவைத் தலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பி.எச். 2 பொருந்தும், சிறிய மின்கருவிகளுக்கு 1, மூக்குக்கண்ணாடி, பொம்மை, கடிகாரம் போன்றவற்றுக்கு 0 அல்லது அதற்கும் கீழ். கதவுக் கீல்களின் தடித்த ஆணிகளுக்கு 3 தேவைப்படலாம். ஒற்றை வெட்டுக்கு நுனியின் கனமும் அகலமும் மில்லிமீட்டரில் கூறப்படும்: 0.6க்கு 3.5, 0.8க்கு 4, 1.0க்கு 5.5, 1.2க்கு 6.5 என்றவாறு. இவ்விரு எண்களில் நாம் அகலத்தைப் பார்க்கிறோம்; கனத்தை மறந்துவிடுகிறோம். வேலையைச் செய்வதில் கனத்திற்குப் பெரும் பங்கு உண்டு. வெட்டைக் கனம் நிரப்ப வேண்டும். அகலம் ஆணித் தலையின் விட்டத்திற்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். தலையைவிட அகலமானால் சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டும்.

ஒற்றை வெட்டு நுனியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மலிந்த கருவியில் அது ஆப்புப் போல ஒரே சாய்வாகக் கூராகும். அத்தகைய நுனி வெட்டின் மேல் விளிம்புகளை மட்டும் தொடும். அடியில் வெற்றிடம் இருக்கும். திருப்பினால் ஏறிக்கொள்ளும். நல்ல கருவியில் நுனியின் கடைசிப் பகுதி இருபுறமும் இணையாக, செங்குத்தாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அது வெட்டின் அடிவரை சுவரோடு சுவராக நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் அறிந்துகொண்டாலே கடையில் உள்ள சரக்கில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம். நுனியின் மூலைகள் கூர்மையாகச் சதுரமாக இருக்கின்றனவா, நுனி தண்டின் நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

நுனியில் பளபளப்பான முலாம் தடித்துப் பூசியிருந்தால் ஐயப்படுக. முலாம் அளவைக் கெடுக்கும், நாளடைவில் உரியும். தரமான கருவிகள் பலவற்றில் தண்டு முழுதும் முலாம் இருந்தாலும் நுனி மட்டும் கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ விடப்பட்டிருக்கும். பார்க்க அழகில்லாத அந்த நுனியே பெரும்பாலும் பிடிப்பு உள்ளது.

எஃகைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. தண்டில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பதைக் கண்டு மகிழ்பவர் பலர். அது உலோகக் கலவையின் பெயர். பதத்தின் பெயர் அன்று. அரிசி நல்லதாக இருந்தும் சோறு குழையலாம் அன்றோ? எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதில்தான் தொழில் இருக்கிறது. கடினம் குறைந்தால் நுனி முறுக்கிக்கொள்ளும். மிகுந்தால் கண்ணாடி போல உதிரும். ராக்வெல் ‘சி’ அளவில் 52 முதல் 60 வரை நல்ல திருப்புளி நுனிகளின் கடினம் அமையும். கடையில் இதை அளக்க முடியாது. வீட்டில் ஓரளவு அறியலாம். ஒரு நல்ல அரத்தை நுனியின் ஓரத்தில் மெல்ல இழுத்தால் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது மிகச் சிறிதே கடிக்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், அந்தக் கருவியை வண்ண டப்பா மூடி திறக்க வைத்துக்கொள்ளலாம்.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. போகும்போது, நீங்கள் அடிக்கடி கழற்றும் திருகாணிகளில் நான்கைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திருப்புளியைப் படுக்கையாகப் பிடித்து, நுனியில் சிலுவைத் தலை ஆணியை மாட்டுங்கள். கையை எடுத்ததும் ஆணி விழாமல் நின்றால் பொருத்தம் நல்லது. விழுந்தால், அல்லது அசைத்துப் பார்க்கும்போது தளர்ச்சி தெரிந்தால், வேறு கேளுங்கள். காந்தம் ஏற்றிய நுனியில் இச்சோதனை செல்லாது. எந்த ஆணியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பித்தளை ஆணி ஒன்றைக் கொண்டுபோனால் போதும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. பிறகு, கடை மேசையின் ஓரத்தில் தண்டை மட்டும் வைத்து, பிடி வெளியே இருக்குமாறு உருட்டுங்கள். நுனி தள்ளாடினால் தண்டு கோணலானது. முதல் முறை கடைக்காரர் முகத்தைச் சுளிக்கலாம். கருவி அறிந்த கடைக்காரராயின் அடுத்த முறை நல்ல சரக்கையே முதலில் எடுத்து வைப்பார்.

கைப்பிடியைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான கருத்து நிலவுகிறது. நீளமான திருப்புளிக்கு வலிமை அதிகம் என்பது அது. திருப்பும் முறுக்கு, கையின் விசையையும் பிடியின் ஆரத்தையும் பெருக்கி வருவது. தண்டின் நீளத்திற்கு அதில் பங்கே இல்லை. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடியையும் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடியையும் ஒரே விசையோடு திருப்பினால், பின்னது 1.6 மடங்கு முறுக்குத் தரும். நீளமான கருவிகளுக்குத் தடித்த பிடி போடுவது வழக்கமாதலால் இந்த மயக்கம் வந்தது போலும். நீளத்தின் பயன் வேறு: எட்டாத இடத்தை எட்டலாம், நேராக நிறுத்துவதும் எளிது. ஆயினும் இடுக்கான இடத்திற்கு நீளம் உதவாது. தையல் பொறியில் ஊசிக்கு அடியிலுள்ள தகட்டின் ஆணிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் வெட்டு அகலம், ஆழம் குறைவு, மேலே பொறியின் தலை இடிக்கும். அதற்கு அகல நுனியும் குட்டைத் தண்டும் உள்ள திருப்புளி வேண்டும். வீட்டில் தையல் நடந்தால் அந்தக் குட்டையனுக்குக் காசு செலவழிக்கத் தயங்காதீர்கள்.

பிடி உள்ளங்கையை நிரப்ப வேண்டும். எண்ணெய்க் கையிலும் வழுக்கக் கூடாது. மேசையில் வைத்தால் உருளக் கூடாது. தண்டு பிடிக்குள் தனியே சுழலாதவாறு பதிந்திருக்க வேண்டும். மிக மலிந்த வகைகளில் உருண்டைக் கம்பியை அப்படியே பிளாஸ்டிக்கில் செருகியிருப்பார்கள். நான்கு நாள் வேலைக்குப் பின் பிடி சுற்றும், கம்பி நிற்கும். பட்டறைக்கு வாங்குபவர்கள், பிடிக்குக் கீழே தண்டில் அறுகோணப் பகுதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், இறுகிய ஆணிக்கு ஸ்பானர் மாட்டித் திருப்பலாம். சுத்தியால் தட்ட வேண்டியிருக்கும் வேலைக்குத் தண்டு பிடியை ஊடுருவி மறுமுனையில் உலோகத் தொப்பியாக முடியும் வகை தனியே உண்டு. அதை ஒருபோதும் மின்வேலைக்குத் தொடாதீர்கள்; உங்கள் உள்ளங்கைக்கும் நுனிக்கும் இடையே ஒரே இரும்பு!

மின்வேலை என்றதும் வேகத்தைக் குறைத்து எழுத வேண்டியிருக்கிறது. கொள்ளேகாலுக்கு அருகே, காவிரி இரு கிளையாகப் பிரிந்து விழும் சிவனசமுத்திரத்தில், 1902இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 90 கல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் தடங்களுள் அது ஒன்று. மின்சாரம் அவ்வளவு முன்னே வந்த வட்டாரத்திலும், இன்றுவரை வீடுகளில் மின்வேலைக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே கருவி: டெஸ்டர்.

டெஸ்டர் என்பது சோதனை விளக்கு, திருப்புளி அன்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் உள்ளே ஒரு சிறு நியான் விளக்கும், அதற்கு முன்னே ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் மதிப்புள்ள தடையும் உள்ளன. 230 வோல்ட்டை அத்தடையால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர் வரும். அவ்வளவே நம் உடல் வழியாகப் போகிறது, அதனால் உணர்வதில்லை. அந்தத் தடையே நம் காவல். டெஸ்டரைக் கொண்டு இறுகிய ஆணிகளை முறுக்கினால் மெல்லிய நுனி வளைவதோடு பிடியும் விரிசல் விடும். விரிசலில் ஈரம் புகுந்தால் மின்சாரம் தடையைச் சுற்றி வேறு வழியில் வரலாம். பிறகு காவல் ஏது? மேலும், டெஸ்டர் எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று துணிவதும் தவறு. வெயிலில் ஒளி தெரியாது, விளக்கு பழுதாகியிருக்கலாம், காய்ந்த மரப்பலகையின்மேல் நின்றால் ஒளி மங்கும். மின்சாரம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். மறுபடியும் தெரிந்த இடத்தில். மூன்றும் சேர்ந்ததே ஒரு சோதனை.

பிளாஸ்டிக் பிடி இருப்பதாலேயே ஒரு திருப்புளி மின்வேலைக்கு ஏற்றதாகிவிடாது. அதற்கென்று செய்யப்பட்டவற்றில், காப்புறை பிடியிலிருந்து தண்டின் மேலாக நுனி வரை ஒரே உடம்பாக இறங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அனைத்துலக மின் தொழில்நுட்ப ஆணையத்தின் 60900 என்னும் தரவிதியின்படி அமைந்தவை அவை. அவ்விதியின்படி ஒவ்வொரு கருவியும் தொழிற்சாலையில் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகிறது. சாதாரணத் தண்டின்மேல் நாமே ஒரு குழாயைச் செருகிக்கொள்வது இதற்கு ஈடாகாது. இந்தக் கருவி இருந்தாலும் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துவதே முறை. விடுதியில் மேசை விளக்கின் பிளக்கைத் திறக்கும் நண்பர்கள், அதைச் சுவரிலிருந்து உருவிய பிறகு திறப்பார்களாக.

நிற்க. எந்த நிறுவனத்துக் கருவியை வாங்குவது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் கைக்கருவித் தொழில் பஞ்சாபின் ஜலந்தரிலும் லூதியானாவிலும் பெரிதாக நடைபெறுகிறது. மகாராட்டிர மாநிலம் நாசிக்கைச் சேர்ந்த தபாரியா நிறுவனம் 1960களில் ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது. அதன் கருவிகள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. வீட்டுக்கு அத்தரம் தாராளம் என்பது என் கருத்து. ஜெர்மனியின் வீரா, வீஹா, சுவிட்சர்லாந்தின் பி.பி., ஜப்பானின் வெசல் ஆகியவை நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஆணிகளைத் திருப்புபவருக்கு ஏற்றவை. விலை பல மடங்கு. பெயர் பெற்ற முத்திரைகளுக்குப் போலியும் உண்டாதலால், பெயரைப் பார்த்த பிறகும் நுனியைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

முப்பது, நாற்பது உருப்படிகள் அடங்கிய பெட்டிகளை நான் விரும்புவதில்லை. அவற்றுள் நாம் தொடுவது நான்கு. தொடாதவற்றுக்கும் விலை கொடுக்கிறோம். அந்தப் பணத்திற்கு நல்லனவாக நான்கு தனித்தனியே வாங்கலாம். மாணவருக்கும் சிறு குடும்பத்துக்கும் பி.எச். 2 ஒன்று, பி.எச். 1 ஒன்று, ஒற்றை வெட்டில் 5.5 மில்லிமீட்டர் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் ஒன்று போதும். சோதனைக்கு மட்டும் ஒரு டெஸ்டர். தையல் பொறி இருந்தால் முன்சொன்ன குட்டையன். புதிய மரச்சாமான் வாங்கியிருந்தால் பி.இசட். 2. ஒரே பிடியில் நுனிகளை மாற்றி மாற்றிச் செருகும் வகை அறையில் இடம் குறைந்தவர்களுக்கு வசதியானதே. ஆனால் தலைப்பகுதி தடித்திருப்பதால் ஆழமான துளைக்குள் இறங்காது. சிறு நுனிகள் தொலைந்தும் போகும். பட்டறை வைப்பவர் மட்டும் பி.எச். 3, 8 மில்லிமீட்டர் ஒற்றை வெட்டு, சுத்தியால் அடிக்க அடிக்கத் திரும்பும் திருப்புளி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல கருவியையும் கெட்ட கை பாழாக்கும். சிலுவைத் தலைக்கு ஜப்பானியத் தொழிலாளர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: ஏழு பங்கு அழுத்துக, மூன்று பங்கு திருப்புக. துருப்பிடித்து இறுகியதைக் கழற்றும்போது இக்கணக்கு பெரிதும் உதவும். முதலில் வெட்டில் உள்ள அழுக்கையும் வண்ணத்தையும் சுரண்டி எடுங்கள். துருநீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஊறவிடுங்கள். நுனியை நேராக நிறுத்திப் பிடியில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு, கழற்றும் திசைக்கு முன்பாக, இறுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்தால் துருவின் பிடி உடையும். அவசரப்பட்டுச் சாய்வாக முறுக்கினால் தலை போய்விடும். அதற்குப் பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மரத்தில் புதிதாக முடுக்கும்போது, ஆணியின் மரையை நீக்கிய உள்தண்டின் அளவுக்கு முன்துளை இடுவதும், மரையில் சற்றுச் சோப்போ மெழுகோ தடவுவதும் தச்சர் வழக்கம். பித்தளை ஆணி மென்மையானது; தேக்கு போன்ற கட்டையில் முறிந்துவிடும். முதலில் அதே அளவுள்ள இரும்பு ஆணியை முடுக்கி வழி உண்டாக்கிப் பின் அதை எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். பூசை அறைக் கதவுக்குப் பித்தளைக் கீல் மாட்டுகிறவர்கள் இதை நினைவிற் கொள்க.

ஒற்றை வெட்டு நுனி தேய்ந்தால் மீண்டும் சாணை பிடிக்கலாம். இரு முகத்தையும் இணையாகவே தேய்க்க வேண்டும். நுனியின் விளிம்பு தண்டுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். சாணைக்கல் சுற்றும்போது நுனியை அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். நீல நிறம் ஏறினால் பதம் போயிற்று என்று பொருள். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து நீக்காமல் நுனி பழைய வலிமையைப் பெறாது. கண்ணாடி அணியாமல் சாணைக்கல்லின் முன் நிற்காதீர்கள். சிலுவை நுனிக்கு இந்த வசதி இல்லை. அதன் சாய்வுகளைக் கையால் மீண்டும் அமைப்பது இயலாது. முனைகள் மழுங்கிப் பளபளக்கத் தொடங்கியதும், அது இன்னும் நான்கு நல்ல ஆணிகளைக் கெடுக்குமுன் புதியது வாங்கிவிட வேண்டியதுதான்.